விக்ஸ் போத்தலுக்குள் 26 விதைகள்

நீண்ட விடுமுறைக்கு வீடு திரும்பிய மறுநாள் காலையில், பாட்டி தமது துணி அலமாரியின் அடித்தட்டைத் துழாவி ஒரு பழைய விக்ஸ் போத்தலை எடுத்தார். மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை இரண்டு சுற்று. அதை என் உள்ளங்கையில் வைத்து, "படிக்கிற பிள்ளைதானே நீ. இதை முளைக்க வை பாப்பா," என்றார்.

உள்ளே கறுப்பு நிறத்தில், நெல்மணியைவிடச் சற்றுக் குட்டையாகவும் பருமனாகவும் சில விதைகள் இருந்தன. மயில்மாணிக்கம். மயிலிறகு போல் பிரிந்த மெல்லிய இலைகளும், சிவப்பு நட்சத்திரம் போன்ற சின்னப் பூக்களும் கொண்ட கொடி. 'மார்னிங் குளோரி' என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் பூக்களின் இனம்தான் இதுவும். நாம் சாப்பிடும் கங்கோங் கீரையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும்கூட அதே இனம்தான் என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு வரை பாட்டி கூலிம் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் வசித்தார். செம்பனை நடுவதற்காக எஞ்சியிருந்த ரப்பர் மரங்களை வெட்டினார்கள். அதன் பிறகு வரிசை வீடுகளையும் இடித்தார்கள். வீட்டைக் காலி செய்த அன்று எல்லாரும் மேசை நாற்காலிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருக்க, பாட்டி வேலியில் காய்ந்து தொங்கிய காய்களைப் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டார். எனக்கு அப்போது பதினொரு வயது. அந்த முடிச்சுதான் இந்தப் போத்தல். சுங்கை பட்டாணியில் எங்கள் மலிவுவிலை அடுக்குமாடி வீட்டின் நான்காம் மாடியில், அது இத்தனை நாளும் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது.

அந்த வேலி இப்போது இல்லை. இந்த விதைகள் போனால் வேறு கிடையாது.

நான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. அதனால் எனக்குப் பயமே இல்லை. பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

மூன்று வழிகளில் தோற்ற கதை

போத்தலைத் தாளில் கவிழ்த்து எண்ணினேன். 30 விதைகள். நான்கு சுருங்கிப் போனவை. நகத்தால் அழுத்தியதும் நொறுங்கின. மீதி 26.

முதல் சுற்று. ஆறு விதைகளை வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டேன். தமிழ்ப்பள்ளியில் பச்சைப்பயறை ஈரப் பஞ்சில் வைத்து முளைக்க வைத்த அனுபவம் நம் எல்லாருக்கும் உண்டு. ஓர் இரவில் பயறு உப்பிவிடும். ஆனால் இந்த ஆறில் ஐந்து மறுநாளும் போட்டபடியே கிடந்தன. ஒன்று மட்டும் இரண்டு மடங்காக உப்பியிருந்தது. 'மற்றவையும் உப்பட்டும்' என்று மூன்று நாள் தண்ணீரிலேயே விட்டேன். ஐந்தும் அசையவில்லை. உப்பிய அந்த ஒன்று அழுகி நாறியது. விதையும் சுவாசிக்கும், ஊறிய பிறகு அதற்குக் காற்று வேண்டும். முதல் பருவத்தில் படித்த பாடம்தான். தேர்வில் எழுதியிருக்கிறேன். குவளைக்கு முன்னால் நிற்கும்போது நினைவுக்கு வரவில்லை.

இரண்டாம் சுற்று. கடினமான விதைகளுக்கு வெந்நீர் வைத்தியம் உண்டு என்று விடுதித் தோழி புலனத்தில் சொன்னாள். அது பொய்யில்லை. சில விதைகளைக் கொதிநீரில் சில விநாடிகள் நனைத்து எடுத்தால் தோல் வழிவிடும். ஆனால் நான் 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஐந்து விதைகளை ஒரு நிமிடத்துக்கு மேல் கொதிக்க விட்டேன். மறுநாள் ஐந்தும் அழகாக உப்பியிருந்தன. துள்ளிக் குதித்தேன். ஒரு வாரம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் உள்ளே எல்லாம் குழைந்திருந்தது. விதையை நான் எழுப்பவில்லை, வேக வைத்திருக்கிறேன்.

மூன்றாம் சுற்று. தோலைத் திறந்துவிட்டால் போதும் என்று நகவெட்டியை எடுத்தேன். ஆறு விதைகளின் கூர்முனையைக் கத்தரித்தேன். முனை பிடிக்க வசதியாக இருந்ததைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை. ஒன்று தெறித்துக் குளிர்பதனப் பெட்டியின் அடியில் போனது. ஒன்று நசுங்கியது. நான்கு உப்பின; தோலைத் தள்ளிக்கொண்டு பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது. ஆனால் வேர் வரவில்லை. ஒரு வாரத்தில் நான்கும் வாடின.

ஆக 12 விதைகளைத் தொலைத்திருந்தேன். போத்தலில் 14 இருந்தன. இதற்கிடையே பாட்டி தினமும் தேநீர் குடிக்கும்போது, "என்ன பாப்பா, எழுந்திரிச்சதா?" என்று கேட்பார். நானும் "இன்னும் இல்ல பாட்டி, கொஞ்சம் நாளாகும்," என்பேன். அது முழுப் பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை.

தண்ணீர் நுழையாத தோல்

அன்றிரவு உட்கார்ந்து, செய்யும் முன் படித்திருக்க வேண்டியவற்றைச் செய்த பின் படித்தேன்.

ஒரு விதை முளைக்காததற்குப் பல காரணங்கள் உண்டு. உள்ளே கரு முதிராமல் இருக்கலாம். முளைப்பதைத் தடுக்கும் வேதிப்பொருள் இருக்கலாம். மயில்மாணிக்கத்தின் கதை வேறு. உள்ளே கரு தயாராகவே இருக்கிறது. வெளித்தோல்தான் தண்ணீரை விடுவதில்லை. தோலில் நெருக்கமாக, செங்குத்தாக அடுக்கிய கடினமான உயிரணுக்களின் ஓர் அடுக்கு உண்டு. அதில் நீர் புகாது. பூக்கும் தாவரங்களில் நானூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 18 குடும்பங்களில்தான் இத்தகைய உறக்கநிலை அறியப்பட்டுள்ளது. அவரை, பயறுக் குடும்பம் ஒன்று. வெண்டை, செம்பருத்திக் குடும்பம் ஒன்று. மயில்மாணிக்கத்தின் குடும்பமும் ஒன்று.

அப்படியானால் காட்டில், வேலியோரத்தில் இவை எப்படி முளைக்கின்றன? நகவெட்டி கொண்டு யாரும் வருவதில்லையே! விதையிலேயே ஒரு கதவு இருக்கிறது. இலங்கையைச் சேர்ந்த தாவரவியலாளர் கெஹான் ஜயசூரிய, அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து 2007-இல் இந்தக் குடும்பத்தின் கதவு எங்கே இருக்கிறது என்று காட்டினார். அவர்கள் எடுத்துக்கொண்டது இப்போமியா லாகுனோசா என்ற சிறு வெள்ளைப்பூக் கொடி. அதன் விதைத்துளைக்குப் பக்கத்தில் இரண்டு சின்னப் புடைப்புகள் உள்ளன. சரியான சூழல் அமையும்போது அந்த இடத்தில் பிளவு விழுகிறது. தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. வெயிலின் சூடும் மண்ணின் ஈரமும் அந்தக் கதவின் சாவிகள்.

விதைத்துளை இருக்கும் பக்கம்தான் முளைவேரின் நுனியும் இருக்கிறது. நான் நகவெட்டியை வைத்தது சரியாக அந்த இடத்தில். நான்கு விதைகளின் வேரையும் நானே வெட்டியிருக்கிறேன்.

ஊறாத பயறு

மறுநாள் காலையில் பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 12 விதைகள் போய்விட்டன என்பதையும் சொன்னேன்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வெந்நீர்ல போட்டியா?" என்றார்.

"ஆமா பாட்டி."

"எத்தனை நேரம்?"

"ஒரு நிமிஷத்துக்கு மேல."

"கீரைகூட அவ்வளவு நேரம் வேகாது," என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

நான் விதைத்தோலைப் பற்றி விளக்க முயன்றேன். இடைநிலைப்பள்ளியில் முளைத்தலை 'பெர்ச்சம்பாஹான்' என்று மலாயில் படித்தேன். பல்கலைக்கழகத்தில் உறக்கநிலையை 'டோர்மன்சி' என்று ஆங்கிலத்தில் படிக்கிறேன். தமிழில் சொல்லத் திணறிக்கொண்டிருந்தபோது பாட்டியே கேட்டார்: "ஊறாத பயறு மாதிரியா?"

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார்: "பச்சைப்பயறு ராத்திரி ஊறவச்சா காலையில எல்லாம் ஊறியிருக்கும். நாலஞ்சு மட்டும் கல்லு மாதிரி அப்படியே இருக்கும். சுண்டல்ல வந்தா பல்லு போயிடும். அதைப் பொறுக்கித் தொட்டியில வீசுவேன். ரெண்டு மூணு வாரம் கழிச்சு அதுவும் முளைச்சு நிக்கும். செத்துப்போனது இல்ல, தண்ணி இறங்காதது."

நான் இரவு மூன்று மணி நேரம் படித்ததன் சாரம் அதுதான். நீர் புகாத தோல், உயிருள்ள கரு, தள்ளிப்போகும் முளைப்பு. பாட்டி அதைச் சுண்டல் சட்டியில் பார்த்து வைத்திருந்தார். அறிவியலில் 'கடின விதை' என்று சொல்வது இந்தப் பயறைத்தான்.

"பாட்டி, தோட்டத்துல இதை எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்கே போட்டேன்? யாரோ ஒருத்தர் ஒரு தடவை கொடுத்தாங்க. அதுக்கப்புறம் அதுவா விழும், அதுவா வரும். வெயில் காலம் முடிஞ்சு மழை விழுந்தா வேலியெல்லாம் குட்டிக் குட்டியா நிக்கும். எல்லாம் ஒரே நேரத்துல வராது. இன்னைக்குப் பத்து, அடுத்த மாசம் அஞ்சு."

பிறகு ஒன்று சொன்னார். அதை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. "நான் அந்தப் பூ விரிஞ்சு பார்த்ததே குறைவு பாப்பா. இருட்டுல மரம் சீவப் போயிடுவேன். பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்து, வீட்டுக்கு வர்றப்போ மதியம். பூ சுருண்டிருக்கும். மழை பெஞ்சு வேலை இல்லாத அன்னைக்குத்தான் பார்ப்பேன்."

மயில்மாணிக்கம் விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் வாடும் பூ. பால் மரத்தையும் விடியலில்தான் சீவ வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். இரண்டுக்கும் ஒரே நேரம். நாற்பது ஆண்டுகள் ஒரு பூவை வளர்த்தவர், சம்பளம் இல்லாத நாள்களில் மட்டும் அதைப் பார்த்திருக்கிறார்.

அந்த 14 விதைகள் அதற்குப் பிறகு எனக்கு இன்னும் கனமாகத் தெரிந்தன.

காத்திருக்க முடியாத விதையும் காத்திருக்கும் விதையும்

ஒன்பது ஆண்டுகள் அலமாரியில் கிடந்த விதையில் உயிர் இருக்குமா என்ற சந்தேகம் உங்களுக்கு வரலாம். எனக்கும் வந்தது. நம் நாட்டின் புழுக்கத்தில் பெரும்பாலான விதைகள் சீக்கிரம் கெட்டுவிடும். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து, உள்ளிருக்கும் உணவைச் செலவழித்து, மெல்ல மெல்லச் சாகும். ஆனால் தோல் ஈரத்தை விடவில்லை என்றால் உள்ளே வறண்ட நிலை அப்படியே காக்கப்படும். சீனாவில் ஒரு பழைய ஏரிப் படுகையில் கிடைத்த தாமரை விதை ஒன்று சுமார் 1,300 ஆண்டுகள் பழமையானது. அதைத் தோல் கீறி முளைக்க வைத்ததாக ஜேன் ஷென்-மில்லர் தலைமையிலான ஆய்வுக்குழு 1995-இல் அறிவித்தது. தாமரை விதைக்கும் நீர் புகாத தோல்தான்.

இதற்கு நேர் எதிரானது ரப்பர் விதை. பார்க்க வழவழப்பாக, ஓட்டோடு மிகவும் உறுதியாகத் தெரியும். தோட்டத்துப் பிள்ளைகள் அதை வைத்து விளையாடியிருக்கிறார்கள். ஆனால் அது உலர்ந்தால் செத்துவிடும். சில வாரங்களே தாங்கும். டுரியான், ரம்புத்தான் விதைகளும் அப்படித்தான். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கப்பலில் கொண்டு சென்றார். அத்தனை அவசரமாகக் கொண்டு போயும் முளைத்தவை 3,000-ஐக்கூட எட்டவில்லை. அடுத்த ஆண்டு அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சில கோலகங்சாரில் நடப்பட்டன. மலாயாவின் ரப்பர் தோட்டங்களும், அவற்றைத் தேடி நம் முன்னோர் கப்பலேறி வந்ததும் அதன் பின்னால் நடந்தவை.

ரப்பரும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியைச் சேர்ந்தது, மயில்மாணிக்கமும் அப்படியே. ஒன்றின் விதைக்குக் காத்திருக்கத் தெரியாது. மற்றதன் விதைக்குத் தெரியும். பாட்டியின் தோட்டத்தில் இரண்டும் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றிருக்கின்றன. ரப்பர் போய்விட்டது. போத்தலுக்குள் 14 மயில்மாணிக்க விதைகள் இருந்தன.

என்னைத் தோற்கடித்த அதே தோல்தான் ஒன்பது ஆண்டுகளாக அந்த விதைகளைக் காப்பாற்றியிருக்கிறது. நான் அதை எதிரியாக நினைத்து வெட்டினேன், வேக வைத்தேன். அதற்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சின்னத் திறப்பு. அதுவும் சரியான இடத்தில்.

நான்காம் சுற்று

14 விதைகளையும் தட்டில் பரப்பினேன். பாட்டி நான்கை எடுத்துப் போத்தலுக்குள் திரும்பப் போட்டார். "எல்லாத்தையும் போட்டுடாதே. விதைக்குன்னு கொஞ்சம் இருக்கணும்."

மீதி பத்து. ஏழின் தோலைத் தேய்ப்பது, மூன்றை அப்படியே விடுவது என்று முடிவு செய்தேன். அம்மாவுக்குக் கோபம். "இருக்கிறதே பத்து. அதுல மூணை ஏன் வீணாக்குற?" ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாவிட்டால், தேய்த்ததால் முளைத்ததா, தானாக முளைத்ததா என்று தெரியாது என்றேன். மேலும், தேய்க்காத விதையில் தண்ணீர் இறங்காவிட்டால் அது வீணாகாது. துடைத்துப் போத்தலில் போட்டுவிடலாம். முதல் சுற்றில் ஊறாத ஐந்தும் அப்படித்தான் பிழைத்தன.

மெல்லிய மணல்தாளை மேசையில் ஒட்டினேன். புருவ முடி எடுக்கும் இடுக்கியால் விதையைப் பிடித்து, கூர்முனைக்கு எதிர்ப்புறம் உள்ள உருண்ட முதுகை மெதுவாகத் தேய்த்தேன். நான்கைந்து தேய்ப்புக்கு ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்தேன். கறுப்புத் தோல் நீங்கி ஊசிமுனையளவு வெளிறிய புள்ளி தெரிந்ததும் நிறுத்தினேன். ஏழு விதைகளுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

மாலை ஆறு மணிக்கு ஊறப்போட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஏழில் ஆறு உப்பியிருந்தன. ஏழாவதை இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். மதியத்துக்குள் அதுவும் உப்பியது. தேய்க்காத மூன்றும் போட்டபடியே கிடந்தன. இந்த முறை உப்பியவற்றை உடனே தண்ணீரிலிருந்து எடுத்து, துளையிட்ட மைலோ டின்களில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினேன். தேய்க்காத மூன்றுக்குத் தனி டின்.

மூன்றாம் நாள் ஒன்று தலை தூக்கியது. ஆறாம் நாளுக்குள் ஐந்து. இரண்டு வரவே இல்லை. மயில்மாணிக்கத்தின் விதையிலைகள் சாதாரண விதையிலைகள் போல் வட்டமாக இருக்காது. தகைவிலான் குருவியின் வால் போல் நீண்டு இரண்டாகப் பிளந்திருக்கும். பாட்டி குனிந்து பார்த்துவிட்டு, "இதேதான்," என்றார்.

தேய்க்காத மூன்றின் டின் வெறுமையாக வெயிலில் நின்றது. அம்மா அதில் கறிவேப்பிலைக் கன்று வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பத்தொன்பதாம் நாள் காலையில் அதிலும் ஒரு குருவி வால் நீட்டிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டும் இன்றுவரை உள்ளேயே இருக்கின்றன.

ஏழும் மூன்றும் மிகச் சிறிய எண்கள். இதை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது. ஆனால் அந்தப் பத்தொன்பதாம் நாள் எனக்கு ஒன்றைக் காட்டியது. ஒரே செடியின் விதைகள் எல்லாம் ஒரே நாளில் முளைத்து, மறுவாரம் வறட்சி வந்தால் அத்தனையும் போய்விடும். அதனால் சில இன்றைக்கு, சில அடுத்த மாதம், சில அடுத்த ஆண்டு என்று தவணை முறையில் முளைக்கின்றன. சூழலியலில் இதற்குப் பெரிய பெயர் உண்டு. பாட்டியின் மொழியில் சொன்னால், எல்லாத்தையும் போட்டுடாதே.

நீங்களும் செய்து பார்க்கலாம்

மயில்மாணிக்கம் கிடைக்காவிட்டால், நாசி கெராபுவுக்கு நீலச் சாயம் தரும் சங்குப்பூவின் விதையில் தொடங்குங்கள். அதற்கும் இதே போன்ற தோல்தான். பக்கத்து வீட்டு வேலியில் காய்ந்த காயைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

முதலில் எதையும் தேய்க்காமல் ஓர் இரவு ஊற வையுங்கள். தானாக உப்பியவற்றை உடனே ஊன்றிவிடுங்கள். உப்பாதவற்றை மட்டும் தேயுங்கள்; வேர் இருக்கும் பக்கத்தைத் தொடாமல், விதைத்தழும்புக்கு எதிர்ப்புறத்தில் தேயுங்கள். வெளிறிய புள்ளி தெரிந்தால் போதும். மீண்டும் 12 மணி நேரம், அதிகம் போனால் ஒரு நாள் ஊற வையுங்கள். அதற்கு மேல் தண்ணீரில் விட வேண்டாம்.

மண் ஈரமாக இருக்கட்டும், சேறாக வேண்டாம். இந்தக் கொடிகளுக்கு வேரை அசைத்து இடம் மாற்றுவது பிடிக்காது. வளரப் போகும் தொட்டியிலேயே ஊன்றுவது நல்லது. நல்ல வெயிலும் சுற்றி ஏறக் கம்பியும் வேண்டும். உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் வரும், பூ வராது.

இரண்டு எச்சரிக்கைகள். மார்னிங் குளோரி இனங்களின் விதைகளில் நச்சுப்பொருள்கள் உண்டு. கடைப் பொட்டலங்களில் பூஞ்சைக்கொல்லி மருந்து தடவியிருக்கவும் கூடும். வாயில் வைக்கக் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். அடுத்து, இவை களையாகப் பரவும். காய் முற்றியதும் பறித்துவிடுங்கள். காட்டோரம், ஆற்றோரம் வீச வேண்டாம்.

முக்கியமாக, கையில் உள்ள எல்லா விதைகளையும் ஒரே முறையில் ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். எனக்கு இது புரிய 12 விதைகள் ஆயின.

கிரில் கம்பியில்

ஆறில் ஒன்றைப் புயல் காற்று ஒடித்தது. ஒன்று தானே வாடியது. நான்கு கொடிகள் வராண்டாவின் கிரில் கம்பியைப் பிடித்து ஏறின. நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்புவதற்கு ஐந்து நாள் முன்பு முதல் பூ மலர்ந்தது.

பாட்டிக்கு இப்போது 77 வயது. அன்று காலை ஏழு மணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, தேநீரோடு கிரில் முன்னால் உட்கார்ந்தார். நானும் தரையில் உட்கார்ந்தேன். கீழே பள்ளிப் பேருந்து வந்து போனது. எட்டு மணிக்கு, ஒன்பது மணிக்குப் பூ அப்படியே இருந்தது. பாட்டி எழுந்திருக்கவில்லை. "பசியாறல பாட்டி?" என்றேன். "இரு," என்றார்.

பதினொரு மணி தாண்டியதும் இதழ்களின் ஓரம் லேசாகச் சுருங்கத் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியும்படி, ஐந்து முனைகளும் உள்ளே மடங்கின. மதியத்துக்குள் அது சிவப்பு நூல் முடிச்சாகிவிட்டது.

"விரிஞ்சதைப் பார்த்திருக்கேன். சுருண்டதையும் பார்த்திருக்கேன்," என்றார் பாட்டி. "எப்படிச் சுருளுதுன்னு இப்பத்தான் பார்க்கிறேன்." பிறகு பசியாறப் போனார்.

நான் விடுதிக்கு வந்த பிறகு அம்மா புலனத்தில் ஒரு படம் அனுப்பினார். அதே விக்ஸ் போத்தல். உள்ளே நான்கு பழைய விதைகளோடு 31 புதிய விதைகள். மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை, இரண்டு சுற்று.